சைக்கிளும் சிக்கலும்

டெனிஷ் மொழியில் சைக்கிளைக் குறிக்கும் சொல் நம் காதில் "சிக்கல்" என்று விழும். மொழி வகுப்பில் முதன்முதல் அதைக் கேட்டபோது, பின்வாங்கில் இருந்த நாங்கள் நாலு தமிழரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். ஆசிரியைக்குக் காரணம் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எங்களிடம் மொழியும் இருக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நான் பின்னர் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக இந்த நாட்டுக்கு வந்து, கொம்யூன் தந்த வீட்டில் பெட்டி படுக்கையை அவிழ்த்து, முதல் வேலையாக ஒரு பழைய சைக்கிளைத் தேடிப் பிடித்திருக்கும் குடும்பங்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். சிரித்து முடிந்தபின் ஒரு விடயத்தை யோசித்தால் எனக்குச் சந்தோசம்.

நான் டென்மார்க்குக்கு வந்தது 1986 இல். அகதி அந்தஸ்துக் கிடைத்ததும் 1987 இல் ஹேர்னிங் என்ற ஊரில் குடியேற்றினார்கள். யூலாந்துக் குடாநாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் ஊர் அது. குடாநாட்டில் பிறந்தவனைக் கொண்டுவந்து இன்னொரு குடாநாட்டில் விட்டிருக்கிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். ஒருகாலத்தில் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் பயிர் விளையாத பற்றை நிலம். கம்பளி நூலில் காலுறை பின்னி விற்றுத்தான் அங்கத்தைய ஏழைச் சனங்கள் பிழைத்தார்கள். பிறகு 1866 இல் தொடங்கிய ஒரு சங்கம் நிலத்தைப் பண்படுத்தி, காற்றை மறிக்க வரிசை வரிசையாக மரங்களை நடுவித்து, தரிசை வயலாக்கியது. காலுறை பின்னிய கைத்தொழில் வளர்ந்து ஹேர்னிங்கைத் துணித் தொழிலுக்குப் பேர்போன ஊராக்கியது. நான் இந்த நாட்டில் பார்த்த முதல் வேலையும் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில்தான்.

யாழ்ப்பாணம் போலவே தட்டையான நிலம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சைக்கிள் ஓட இதைவிட நல்ல ஊர் வேண்டுமா என்று நினைத்தேன். மேற்கே வடகடலில் இருந்து வரும் காற்றைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. வீதியோர மரங்கள் எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாவது எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகும்போது எதிர்க்காற்றென்றால் நின்றுகொண்டு உழக்கினாலும் சைக்கிள் நகராது. மலை இல்லாத ஊரில் காற்றுத்தான் மலை.

எனக்கோ சைக்கிளில் பெரிய கர்வம். யாழ்ப்பாணத்தானுக்குச் சைக்கிளைப் பற்றி யார் வந்து சொல்லித்தருவது? அப்பாவின் றலிச் சைக்கிளில் பாருக்குக் கீழால் காலைப் போட்டுப் பழகியவன் நான். ரியூசனுக்கும் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் அதில்தான் போனேன். முன்பாரில் ஒருவர், கரியரில் ஒருவர், கையில் ஒரு மூட்டை என்று ஓடியவன். ஆனால் ஒரு உண்மையை நான் மறந்துபோனேன். அந்தச் சைக்கிளை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. சந்தியில் சைக்கிள் கடை அண்ணை இருந்தார். தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூப்பை அமுக்கி, குமிழி வரும் இடத்தில் ஈர்க்குக்குச்சியால் அடையாளம் வைத்து, ஒட்டுப் போட்டுத் தருவார். நான் பக்கத்துப் பலகையில் குந்தியிருந்து கதைத்துக்கொண்டிருந்தவன். பார்த்துக்கொண்டிருந்ததையே செய்தறிந்ததாக நினைத்துவிட்டேன்.

ஹேர்னிங்கில் எனக்கு வாய்த்த முதல் சைக்கிள் தெள்ளுச் சந்தையில் வாங்கியது. பழைய சாமான் விற்கும் சந்தையை டெனிஷ்காரர் அப்படித்தான் சொல்வார்கள். ஏறி நாலு மிதி மிதித்துவிட்டு, ஊரில் செய்வதுபோலப் பெடலைச் சும்மா பின்பக்கமாகச் சுற்றினேன். மறுகணம் சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. ஹாண்டிலுக்கு மேலால் போய்ச் சந்தைக்காரியின் பழைய கோப்பை பீங்கான்களுக்குப் பக்கத்தில் விழுந்தேன். இங்கத்தைய சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிறேக். பின்சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே பிறேக் இருக்கிறது. கைப்பிறேக்கும் எங்கள் ஊருக்கு மறுதலை. ஊரில் வலக்கை முன்பிறேக். இங்கே இடக்கை முன்பிறேக். வீதியும் மறுதலை. இடப்பக்கம் ஓடிப் பழகிய எனக்கு வலப்பக்கம் ஓடக் கால் வந்தாலும் கண் வரச் சில மாதங்கள் எடுத்தது.

திருத்த வேலைகளை நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கீழறையில் செய்வோம். நிலத்துக்குக் கீழே, சைக்கிள்கள் வரிசையாகத் தொங்கும் நீண்ட அறை. கீழ் மாடியில் ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளி ஒருவர் தனியாக இருந்தார். அவரும் அங்கேதான் பொழுதுபோக்குவார். சுவரில் சாவிகளை அளவு வாரியாக மாட்டிவைத்திருப்பார். நான் உள்ளே போனால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவரிடம் ஒன்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லாமல் போயிருக்கும்.

முதல் குளிர்காலத்தில் செயின் கிறீச்சிட்டது. எண்ணெய் விட வேண்டும் என்பது தெரியும். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தலைக்கு வைக்கத் தந்த தேங்காயெண்ணெய் ஒரு போத்தல் என்னிடம் இருந்தது. வீட்டுக்குள் சூடாக்கி இளகவைத்து, கீழே கொண்டுபோய்ச் செயினுக்கும் பின்சில்லுக்கும் தாராளமாக விட்டேன். சத்தம் நின்றது. அடுத்தநாள் காலை போய்ப் பார்த்தால் செயின் முழுவதும் வெள்ளை! மெழுகுதிரி உருகி ஊற்றியதுபோல் உறைந்து கிடக்கிறது. தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே கட்டிப்படும் என்பது ஊரில் மார்கழிப் பனியில் போத்தலைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டிய விடயம். பூச்சியத்துக்குக் கீழே என்ன ஆகும்? கிழவர் வந்தார், குனிந்து மணந்து பார்த்தார். "கேக் செய்கிறாயா?" என்று கேட்டார். கேக் என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. ஓம் என்று தலையாட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அடுத்தது இடது பெடல். அது ஆடியது, மாற்றவேண்டியிருந்தது. வலது பெடலை எந்தப் பக்கம் சுற்றிக் கழற்றினேனோ அதே பக்கம் இதையும் சுற்றினேன். அசையவில்லை. சாவியின் பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைக் கோத்து, என்னோடு அறையில் இருந்த தம்பியையும் கூப்பிட்டேன்.

"அண்ணை, பிழையான பக்கம் சுத்திறியள் போல கிடக்கு."

"நீ சும்மா இரடா. நான் எத்தினை சைக்கிள் பாத்தவன்."

இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். ஒரு சத்தம் கேட்டது. பெடல் கழன்றது என்று சந்தோசப்பட்டால், உள்ளே இருந்த புரி எல்லாம் மாவாக வந்தது. இடது பெடலின் புரி மற்றப் பக்கம் வெட்டியது. உழக்க உழக்கத் தானாகக் கழன்றுபோகாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஊரில் எங்கள் றலிச் சைக்கிளும் அப்படித்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது. பெடலின் விலையோடு, அது பூட்டும் கைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டி வந்தது.

மூன்றாவதை எழுதக் கொஞ்சம் யோசித்தேன். காற்றடிக்கும் பம் எங்களிடம் இல்லை. பெற்றோல் நிலையத்தில் கார் ரயருக்குக் காற்று இலவசம். என் சைக்கிளின் வால்கட்டையும் கார் ரயரில் இருக்கும் மாதிரியானது. நானும் தம்பியும் ஒரு சனிக்கிழமை அங்கே போனோம். குழாயைப் பொருத்தி அமத்திப் பிடித்தேன். கார் ரயர் நிரப்பும் இயந்திரத்துக்குச் சைக்கிள் ரியூப் எந்த மூலைக்கு? சில வினாடிகளில் ரயர் றிம்மை விட்டு எழும்பி, ரியூப் வெடித்தது.

அந்தச் சத்தம் எங்களுக்கு ரியூப் வெடித்த சத்தமாகக் கேட்கவில்லை. அடுத்த நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு நிலத்தில் குப்புறக் கிடந்தோம். தம்பி பெற்றோல் பம்புக்குப் பின்னால் தவழ்ந்து போய்விட்டான். சுற்றிவரச் சனிக்கிழமைச் சனம். காருக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், கையில் குழாயோடு எங்களைப் பார்த்தபடி நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். எழும்பி உடுப்பில் பட்ட பனிச்சேற்றைத் தட்டிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் போட்டு, ஒரு சொல் பேசாமல் வீட்டுக்கு நடந்தோம். அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை.

இதற்கிடையில் நான் இன்னொரு சைக்கிளும் வாங்கியிருந்தேன். சின்னஞ்சிறு சைக்கிள், 12 அங்குலச் சில்லு, சிவப்பு நிறம். ஊரில் மனைவியோடு இருந்த என் மகளுக்காக. நான் விட்டுவந்தபோது அவளுக்கு மூன்று வயது. 1987 கோடையில் அதை வாங்கும்போது, குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். சட்டப்படி எனக்கு உரிமை இருந்தது. இன்னும் சில மாதம் என்று நம்பினேன். மணி பூட்டினேன். துருவைத் தேய்த்துப் புதுப் பெயின்ற் அடித்தேன். வேலையால் வந்து வேறு யோசனை வராமல் இருக்க, திருத்த ஒன்றும் இல்லாதபோதும் அதைக் கழற்றிப் பூட்டுவேன்.

மாதங்கள் போயின, பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகுதான் நாடே அறிந்தது. இலங்கைத் தமிழரின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி அன்றைய நீதி அமைச்சர் 1987 இல் பணித்திருந்தார். அது சட்டத்துக்கு முரண் என்பது விசாரணையில் வெளிவந்து, 1993 ஜனவரியில் பிரதமரே பதவி விலகினார். 1995 இல் அந்த முன்னாள் அமைச்சர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. டெனிஷ்காரர் "தமிழர் விவகாரம்" என்று சொல்வது இதைத்தான். உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் யாராவது அதைப்பற்றிக் கேட்டால் சொல்லக்கூடியதாக இருக்கட்டும் என்று இங்கே குறித்துவைக்கிறேன்.

1988 இலையுதிர் காலத்தில் ஒருநாள் கீழறையில் எல்லாச் சைக்கிளிலும் ஒரு காகிதத் துண்டு கட்டியிருந்தது. அதில் ஏதோ எழுதித் திகதியும் போட்டிருந்தது. கட்டட நிர்வாகம் கட்டிய அரசாங்க அடையாளம், அவிழ்த்தால் குற்றம் என்று நினைத்தேன். மழையில் நனையாமல் பிளாஸ்ரிக் உறையும் சுற்றி அதைக் கவனமாகக் காப்பாற்றினேன். மூன்று கிழமையால் ஒரு காலை வேலைக்குப் போக இறங்கினால் என் சைக்கிளைக் காணவில்லை. விடயம் இதுதான். பாவனையில் உள்ள சைக்கிள் என்றால் சொந்தக்காரர் அந்தத் துண்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காவிட்டால் கைவிட்ட சைக்கிள் என்று கணக்கு, ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான் மரியாதை செய்து வைத்திருந்தது என் சைக்கிளை எறியச் சொல்லும் அறிவித்தலை!

பராமரிப்பாளரின் கொட்டிலில் அது இன்னும் கிடந்ததால் திரும்பக் கிடைத்தது. ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒருவரும் ஓடாத சிவப்புச் சைக்கிள் மூலையில் அப்படியே தொங்கியது. அதில் துண்டு இல்லை. கிழவரைப் பார்த்தேன். எனக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாகச் சொன்னார்:

"பெரியதை நீ ஒவ்வொரு நாளும் ஓடுகிறாய். நீயே அவிழ்ப்பாய் என்று விட்டுவிட்டேன். சின்னதை ஓட இன்னும் ஆள் வரவில்லை என்று எனக்குத் தெரியும்."

அன்றைக்காவது நான் அவரோடு இருந்து கதைத்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தேன். எங்கள் அந்தரம் எல்லாம் ஒரு வேற்று மனிசனுக்குத் தெரிந்துபோயிற்றே என்ற வெட்கம்.

1990 வசந்தத்தில் மனைவியும் மகளும் கோப்பன்ஹேகனில் வந்து இறங்கினார்கள். மகளுக்கு ஏழு வயது. வீட்டுக்கு வந்த அன்றே கீழே கூட்டிப்போய்ச் சிவப்புச் சைக்கிளைக் காட்டினேன். பிள்ளை அதில் ஏறி இருந்தாள். முழங்கால் இரண்டும் ஹாண்டிலில் முட்டியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான், "நல்ல வடிவாயிருக்கு அப்பா" என்றாள். இறங்கிய பிறகும் மணியை அடித்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த கிழமையே 20 அங்குலச் சில்லுச் சைக்கிள் ஒன்று, பழையதுதான், தேடி எடுத்தேன். இந்த முறை எல்லாம் நானே திறமாகச் செய்து கொடுப்பேன் என்று வைராக்கியம். பின்சில்லில் கரகரவென்று சத்தம். குடத்தைக் கழற்றி, பழைய கிறீசைத் துடைத்து, புதுக் கிறீஸ் வைத்துப் பூட்டினேன். முன்பிறேக் கம்பி துருப்பிடித்திருந்தது. பின்னுக்கு மிதித்தால் நிற்குந்தானே, ஒரு பிறேக் போதும் என்று அதைக் கழற்றி வைத்தேன். எல்லாம் பூட்டி முடிய ஒரு சின்னத் தகடும் ஒரு சுரையாணியும் மிச்சம். கூடுதலாகப் போட்டிருப்பார்கள் என்று ஒரு பீங்கானில் போட்டு யன்னலில் வைத்தேன். மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, இது எங்கத்தையது?"

"அது தேவையில்லாதது."

முற்றத்தில் இரண்டு நாள் ஓடினாள். பிறேக்கும் பிடித்தது. மூன்றாம் நாள் சைக்கிள் பாதையில் கூட்டிப்போனேன். பெரிய வீதிகளைக் கடக்கும் இடத்தில் சைக்கிள்காரருக்கு அடியால் சுரங்கம் வைத்திருக்கிறார்கள். தட்டையான ஊரில் இருக்கும் ஒரே இறக்கம் அதுதான். பிள்ளை இறக்கத்தில் வேகமெடுத்தாள். "மிதி, பின்னுக்கு மிதி!" என்று கத்தினேன். மிதித்தாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் நிற்கவில்லை. கீழே சுவரோடு போய் மோதினாள். வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

ஆசுப்பத்திரியில் தாதி, சைக்கிளுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நான் டெனிஷில் சொல் தேடிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய நாலைந்து சொல்லை வைத்துக்கொண்டு மகள் முந்திவிட்டாள். "அப்பா திருத்தினவர்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

அன்றிரவே கிழவரின் கதவைத் தட்டினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. பீங்கானையும் கையில் கொண்டுபோனேன். தகட்டைப் பார்த்த உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. கீழே போனோம். பின்சில்லின் இடப்பக்கத்தில் ஒரு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிப்பது அந்தத் தகடு. பின்னுக்கு மிதிக்கும்போது வரும் விசையை எல்லாம் அந்தக் கைதான் தாங்கவேண்டும். தகடு இல்லாவிட்டால், மெதுவாக ஓடும்போது நட்டின் இறுக்கத்தில் பிறேக் பிடிப்பதுபோல இருக்கும். பலமாக மிதித்தால் கை சுழன்றுவிடும், பிறேக் போய்விடும். முற்றத்தில் பிடித்த பிறேக் இறக்கத்தில் ஏன் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. செயின் கழன்றாலும் இந்தப் பிறேக் வேலை செய்யாது. அதனால்தான் இந்த நாட்டில் ஒரு சைக்கிளுக்கு ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு பிறேக் வேண்டும் என்று சட்டம். நான் கழற்றி வைத்தது அந்த இரண்டாவதை.

அவர் என்னைப் பேசவில்லை. தேனீர் போட்டுத் தந்துவிட்டு, அந்தத் தகட்டை என்னைக் கொண்டே பூட்டவைத்தார். பிறகு மெதுவாகத் தன் கதையைச் சொன்னார். 1940 முதல் 1945 வரை ஜேர்மனியர் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவர் இளந்தாரி. இறப்பர் கிடைக்காது, ரயர் இல்லை. தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றியும், கயிறு சுற்றியும், தக்கையைக் கோத்தும் சைக்கிள் ஓடினார்களாம். அவரும் ஒருமுறை கயிற்று ரயர் கழன்று ஆற்றுக்குள் விழுந்தாராம். "நீ பெற்றோல் நிலையத்தில் விழுந்து படுத்ததை நான் அறிவேன். ஊர் சிறியது. நானும் எத்தனையோ தரம் படுத்தவன்" என்றார்.

அந்த வருட நடுவில் ஊரில் மீண்டும் போர் தொடங்கியது. மின்சாரம் நின்றது, பற்றரி கிடையாது. சனங்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்கிறார்கள் என்று தம்பி எழுதியிருந்தான். கடிதத்தைக் கிழவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு பழைய டைனமோவை எடுத்துவந்து, எப்படிப் பூட்டினார்கள் என்று காட்டச் சொன்னார். இரண்டு பேருமாகக் கீழறையில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சுற்றினோம். சின்ன றேடியோ கரகரத்துப் பாடியது. நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரேயொரு சைக்கிள் வேலை அதுதான்.

இனி, புதிதாக வந்தவர்களுக்குச் சில விடயங்கள். நான் பட்டுத் தெளிந்தவை:

1. கழற்றிப் பூட்டிய பின் ஏதாவது மிச்சம் வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கழற்றும் வரிசையிலேயே துணியில் அடுக்கிவையுங்கள். இன்று கைத்தொலைபேசியில் ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

2. வலது பெடல் வழக்கமான புரி, இடது பெடல் எதிர்ப்புரி. சாவியை மேல்நோக்கிப் பிடித்து, சைக்கிளின் முன்பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். பின்பக்கம் இழுத்தால் இரண்டும் கழரும்.

3. ஒட்டுப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளோ கண்ணாடியோ உள்ளே இருந்தால் போட்ட ஒட்டு அடுத்த சந்தி மட்டும்தான். சொலூசன் பூசியதும் ஒட்டாதீர்கள், காயவிடுங்கள். ரயரைக் கழற்றத் திருப்புளி பாவித்தால் ஒரு ஓட்டைக்கு மூன்று ஓட்டை ஆகும். பிளாஸ்ரிக் நெம்புகோல் மலிவாகக் கிடைக்கும்.

4. எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். கார் இயந்திரத்தில் அடிப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாக. கையால் அடிக்கும் பம் இன்னும் நல்லது.

5. செயினுக்குச் சைக்கிள் எண்ணெய்தான். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். குளிர்காலத்தில் வீதியில் உப்புப் போடுவார்கள். அது செயினைத் தின்றுவிடும். துடைத்து அடிக்கடி எண்ணெய் விடுங்கள். றிம்மிலும் பிறேக் கட்டையிலும் எண்ணெய் படக்கூடாது.

6. மார்கழியில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும். முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு விளக்கு இல்லாமல் ஓடினால் தண்டம். மணியும் ஒளித்தெறிப்பான்களும் கட்டாயம். ஊர்ப் பழக்கத்தில் டபிள்ஸ் ஏற்றாதீர்கள். சிறுபிள்ளையை அதற்குரிய இருக்கையில் இருத்தித்தான் கொண்டுபோகலாம்.

7. சைக்கிளில் காகிதத் துண்டு கட்டியிருந்தால் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடமோ அயலவரிடமோ கேளுங்கள்.

சைக்கிள் திருத்துபவரை டெனிஷ்காரர் "சைக்கிள் கொல்லர்" என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். கொல்லன் பட்டறையில் ஊசி விற்கலாமா என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். நான் மூன்று வருடம் விற்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. நாட்டை இழந்து, வேலையை இழந்து, மொழியும் இல்லாமல் வந்த எனக்கு, "எனக்குத் தெரியும்" என்று சொல்ல மிச்சமிருந்தது சைக்கிள் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். சமையலாக இருக்கலாம், கார் ஓட்டமாக இருக்கலாம், பிள்ளை வளர்ப்பாக இருக்கலாம். உங்கள் கெட்டித்தனத்தை விடச் சொல்லவில்லை. பக்கத்துக் கதவைத் தட்டுவதால் அது குறையாது என்று மட்டும் சொல்கிறேன்.

மகளின் கை ஆறு கிழமையில் சரியாகிவிட்டது. கட்டு அவிழ்த்த அன்றே அவள் திரும்பச் சைக்கிளில் ஏறினாள். இப்போது அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிழவர் காலமாகிப் பல வருடங்கள். சுவரில் மாட்டியிருந்த அவருடைய சாவிகளை என்னிடம் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்திருந்தார். சிவப்புச் சைக்கிளைப் பின்னர் எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வந்த ஒரு பொஸ்னியக் குடும்பத்தின் சிறுவனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு நாலு வயது, கால் சரியாக எட்டியது.

இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை கீழறைக்குப் போய், உங்கள் பிள்ளையின் சைக்கிளின் பின்சில்லை இடப்பக்கமாகக் குனிந்து பாருங்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்து நிறுத்தும் சைக்கிள் என்றால், அந்தக் கையில் தகடு பூட்டியிருக்கிறதா, சுரையாணி இறுக்கமா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் நீங்களே கழற்றவேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அவருக்கும் ஒரு கதை இருக்கும்.